ஆடி இரண்டாம் நாள் கப்பல்

எண்பதுகளின் பிற்பகுதியில், கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த காலனியில் எனக்கு இருந்த இடம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பின்னால் நடந்ததை எடைபோடுகிறவர்கள் தவறாகவே எடைபோட்டிருக்கிறார்கள். நான் பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தேன். என் மேசைக்கு வந்த கோப்பு எதுவும் மூன்றாம் நாள் அங்கே கிடந்ததில்லை. காலனி நலச் சங்கத்துக்குத் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் செயலாளர். தெருவிளக்கும் தபால் பெட்டியும் மழைநீர்க் கால்வாயும் எங்கள் தெருவுக்கு வந்தது நான் எழுதிய மனுக்களால்தான். கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்குமுன் வாசகத்தை என்னிடம் காட்டித் திருத்திக்கொண்டு போனவர்கள் உண்டு. நான் எதிரே நடந்து வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்களும் உண்டு. எல்லாரும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். மூன்று பேர் செய்தார்கள்.

இந்த நிலையில்தான் என் ஒரே மகன், தன் அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னான். பெண் பி.காம். படித்தவள். வீடு மாடம்பாக்கத்தில், கோயிலுக்குப் பின்புறம். அவள் தகப்பனார் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கைகுலுக்கினால் நம் கையில் கிரீஸ் வாடை ஒட்டிக்கொள்ளும். எங்கள் சமூகத்தாராகவே இருந்தது எனக்கு மிஞ்சிய ஆறுதல். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அவர்கள் பதிவு அலுவலகத்துக்குப் போவார்கள், அது காலனி முழுவதும் தெரியும். சம்மதித்தால் பெருந்தன்மை என்று பேசுவார்கள். அப்படித்தான் பேசினார்கள்.

நிச்சயதார்த்தத்தன்று, இரு வீட்டாரும் உட்கார்ந்திருக்கையில், ஒரு மரியாதைக்காக அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "உனக்குன்னு ஏதாவது விருப்பம் உண்டாம்மா?"

இதற்கு ஒரு பெண் சொல்லவேண்டிய பதில், ஒன்றுமில்லை என்பது. அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"இருக்கு மாமா. கப்பல்ல போகணும். அந்தமானுக்கு. கல்யாணம் முடிஞ்சதும், நாங்க ரெண்டு பேரும்."

அவள் தகப்பனார் பதறிப்போனார்.

"கம்முனு கெட கண்ணு. இன்னா பேச்சு இது? சார், அது சின்ன வயசுலேர்ந்து இப்டித்தான். கோவளத்துக்கு இட்டுனு போனா, மீன் வாங்காது, சோறு துன்னாது, அந்த போட்டு எங்க போவுது, எங்க போவுதுன்னு நிக்கும்."

அத்தனை பேர் முன்னால் ஒரு மெக்கானிக் மகள் கேட்டு, முடியாது என்று நான் சொல்வதா? "ஏற்பாடு செய்யறேன்" என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவளும் தெரிந்துதான் கேட்டாள் என்று பிற்பாடு தோன்றியது.

மறுநாளே ஒரு கோப்புத் திறந்தேன். மேலட்டையில் 'அந்தமான் - தம்பதியர் பயணம்' என்று எழுதினேன். அதற்கு இளைஞர்கள் பயன்படுத்தும் சொல்லை நான் பயன்படுத்தவில்லை. போர்ட் பிளேரில் என் கல்லூரித் தோழர் ஒருவர் உயர்பதவியில் இருந்தார். பதினைந்து ஆண்டுகளாகக் கடிதப் போக்குவரத்து இல்லாதிருந்தும், என் ஒரு கடிதத்துக்கு அரசு விருந்தினர் மாளிகையில் கடலைப் பார்த்த அறையை ஒதுக்கி, 'உன் பிள்ளை என் பிள்ளை' என்று பதில் எழுதினார். அது மழைக்காலம் என்றும் எச்சரித்திருந்தார். அதை நான் படித்துக் காட்டியபோது, "மழையா இருந்தா என்ன மாமா, நனைஞ்சுக்கிட்டே பார்க்கலாம்" என்றாள் அவள்.

வைகாசி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். ஜூன் மாதக் கடைசியில் கப்பல். சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று நாள் பயணம். இரண்டு படுக்கை கொண்ட தனியறைக்கு விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். கீழ்ப்படுக்கைக்கு யார் பெயர், மேல்படுக்கைக்கு யார் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. பெண்ணைக் கீழே போடுவதுதான் முறை என்று பேனாவை எடுத்தேன்.

"மாமா, என்னை மேல போடுங்க. மேல்படுக்கைக்கு நேரா ஜன்னல் இருக்குமாம். படுத்துக்கிட்டே கடலைப் பார்க்கலாமாம்."

அப்படியே எழுதினேன். மேல் அவள், கீழ் அவன்.

பயணத் திட்டத்தைத் தட்டச்சு செய்து, கார்பன் வைத்து நான்கு படிகள் எடுத்தேன். ஒன்று மகனுக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று தோழருக்கு, ஒன்று கோப்புக்கு. எட்டு நாளும் நிறைவாக இருந்தது. பழைய சிறைச்சாலைக்கு இரண்டு நாள், அருங்காட்சியகம், மரம் அறுக்கும் ஆலை, தோழர் வீட்டில் பகல் விருந்து, கண்ணாடித் தரை போட்ட படகில் பவளப்பாறை பார்ப்பது. அவள் தன் படியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் படித்தாள்.

"ஜெயிலுக்கு ரெண்டு நாளா மாமா?"

"பார்க்க நிறைய இருக்கு."

"இந்த ஆறாம் நாள் மட்டும் சும்மா விட்டுடுங்களேன்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். எப்ப தோணுதோ அப்ப எழுந்திருக்கணும். கடலைப் பார்த்துக்கிட்டு உட்காரணும். எங்கயும் போகக் கூடாது."

எங்கும் போகாமல் இருப்பதற்கு அவ்வளவு தூரம் எதற்குப் போகவேண்டும் என்று நான் கேட்டதற்கு அவள் சிரித்தாள். ஆறாம் நாள் மர ஆலை அப்படியே நின்றது. சில நாள் கழித்து, அவள் படியில் அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு 'சும்மா' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். மனத்தில் வைத்துக்கொண்டேன்.

செய்தி காலனியில் பரவியது. என் கோப்புப் படியை நானே இரண்டொருவரிடம் காட்டியிருந்தேன். அன்றைக்குப் புதுமணத் தம்பதிகள் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் வந்தாலே ஒரு மாதம் பேசுவார்கள். சங்கத்தின் பொருளாளர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், கேலிப் பேச்சுக்காரர். சங்கத்து வாசலில் நான்கு பேர் நிற்கையில் கேட்டார்.

"அந்தமானா? பையன் என்ன சார் தப்பு பண்ணான்?"

"கல்யாணம் பண்ணிக்கப் போறான்ல" என்றார் இன்னொருவர்.

"அதுக்கு ஆயுள் தண்டனையே இருக்கே. நாடு கடத்தல் வேறயா?"

நானும் சிரித்தேன். மேலிருப்பவனைத்தான் கேலி செய்வார்கள்.

இந்தப் பொருளாளரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு அவர் மகனுக்குக் கல்யாணமாகி முதல் ஆடி வந்தது. எங்கள் பக்கத்தில் தலை ஆடிக்குப் பெண்ணின் தாய்வீட்டார் சீர்த்தட்டுகளோடு வந்து பெண்ணை அழைத்துப் போவார்கள். ஆடி முழுவதும் புதுத் தம்பதிகள் பிரிந்திருப்பார்கள். ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் என்பது காரணம். பொருளாளரின் மருமகள் வேலைக்குப் போகிறவள் என்பதால் அனுப்பாமல் விட்டார்கள். ஒரு கூட்டத்தில் அவர் ஏதோ கணக்குக்காக என்னை எதிர்த்துப் பேசியபோது, "முதல்ல வீட்டு வழக்கத்தைச் சரியா நடத்திட்டு வாங்க சார், அப்புறம் சங்கத்தை நடத்தலாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெயிலுக்கென்று ஒரு பனை ஓலைத் தொப்பி வாங்கி, அதில் நீல ரிப்பன் தைத்துக்கொண்டிருந்தாள். சுடிதார் இரண்டு தைத்திருந்தாள். அதைக் கப்பல் ஏறிய பின்தான் போடவேண்டும் என்று என் மனைவி சொல்லியிருந்தாள்.

கப்பலுக்கு ஐந்து நாள் இருக்கையில் கப்பல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கப்பல் பழுது பார்க்கப் போகிறது, அடுத்த கப்பல் ஜூலை பதினெட்டு, சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். அன்றே சம்மதம் எழுதிப் போட்டேன். மகனின் விடுப்பை மாற்றச் சொன்னேன். தோழருக்குத் தந்தி கொடுத்தேன். மூன்று வேலையும் ஒரே நாளில் முடிந்தன. கடிதத்தில் ஆங்கிலத் தேதி மட்டுமே இருந்தது. அலுவலகத்தில் என் மேசையிலிருந்த நாள்காட்டியிலும் ஆங்கிலத் தேதி மட்டுமே.

ஜூலை முதல் ஞாயிறு காலையில் சங்கக் குழு கூடியது. காலனி அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றுவதற்கு நாள் குறிப்பது அன்றைய பொருள். பொருளாளர் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை இறக்கி மடியில் வைத்துத் தாள்களைப் புரட்டினார்.

"ஆடி ஒண்ணு, ஜூலை பதினேழு. முதல் வெள்ளி..." என்று சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சார், உங்க பையன் கப்பல் பதினெட்டுதானே?"

"ஆமாம்."

"அது ஆடி ரெண்டு ஆச்சே."

பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தலை ஆடி சார்" என்றார் பொருளாளர், மிகவும் மென்மையாக. "புது மருமக அம்மா வீட்டுக்குப் போகாம அந்தமானுக்கா போகுது? போன வருஷம் நீங்க எனக்குச் சொன்னதைத்தான் கேட்கிறேன். வழக்கம்னு ஒண்ணு இருக்கே."

நான் யோசிக்கவில்லை. யோசித்துச் சொன்னதாக நினைப்பவர்கள் என்னை அதிகமாக மதிக்கிறார்கள்.

"தெரியாம இருக்குமா? மருமக ஆடி ஒண்ணாம் தேதியே தாய்வீடு போறா."

"அப்ப கப்பல்ல?"

"நானும் என் மகனும் போறோம். முன்னாடியே முடிவு பண்ணினதுதான்."

பிறகு பொருளாளர் காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

"நல்லது சார். அப்பாவும் பிள்ளையுமா போயிட்டு வாங்க. ஜன்னலோரமாப் பார்த்து உட்காருங்க."

வெளியே வந்தபோது பின்னால் சிரிப்பு வெடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். என் மனைவி கேட்டு முடித்ததும் எழுந்து நின்றாள்.

"இப்பவே திரும்பிப் போய், தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லிட்டு வாங்க. ஒரு நிமிஷ வேலை."

"நான் தெரியாம எதையும் சொல்றதில்லை."

மகன், "ஆவணியில போறோம்பா. ரெண்டு டிக்கெட்டையும் ரத்து பண்ணிடலாம்" என்றான்.

"என் கடிதத்தை நம்பி ஒருத்தர் அறை ஒதுக்கியிருக்கார். ஒரு தடவை தேதி மாத்தியாச்சு. திரும்பவும் மாத்தச் சொல்லிக் கெஞ்சணுமா? பன்னிரண்டு பேர் முன்னால் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் மடியில் தொப்பி இருந்தது. ரிப்பனில் ஊசி பாதியில் நின்றது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பேரம் பேசினாள்.

"ஆடின்னா பிரிஞ்சு இருக்கணும், அவ்வளவுதானே மாமா? அவர் கீழ, நான் மேல. அங்க போயும் ஆளுக்கு ஒரு மூலையில இருந்துக்கிறோம். சத்தியம் பண்றேன். கப்பல்ல போனா போதும்."

"மாடம்பாக்கத்துல மாமனார்கிட்ட இப்படித்தான் பேசுவாங்களா?" என்றேன்.

அவள் முகத்தில் இரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். ஊசியை எடுத்து மிச்சத் தையலையும் போட்டு முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சுக்கு அவன் ஒரு சொல் மறுத்திருந்தால் அவன்மேல் எனக்கு மதிப்பு வந்திருக்கும். அவளுக்கும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மாலையில் அவள் தகப்பனார் வந்தார். பணிமனையிலிருந்து நேராக வந்திருந்தார். காக்கிச் சட்டை, நகக்கண்ணில் கறுப்பு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், எங்க வூட்ல ஆடியெல்லாம் அவ்ளோ பாக்கறதில்ல. நானே சொல்றேன். பொண்ண அனுப்புங்க சார்."

"வழக்கம் பார்க்காத குடும்பம்னு வெளியே சொல்லாதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா நானும் யோசிச்சிருப்பேன்."

அவர் அதை விழுங்கிக்கொண்டார்.

"பொறந்ததுலேர்ந்து அது ஒண்ணும் கேட்டதில்ல சார். கேட்டது இது ஒண்ணுதான். தெனம் அந்தப் பேப்பர எட்த்துக் காட்டுமாம் அவங்க அம்மாவாண்ட, நீங்க டைப் அட்சு குட்த்தது. எங்க மாமா எப்டி போட்டுகீறாரு பாருன்னு." தலையைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம் சார். நா கூப்ட வரல. ஆடிக்கு அப்பன் வந்து கூப்டல, சீர் செய்யத் துப்பில்ல, அதான் வேற வயியில்லாம அனுப்பிட்டோம்னு சொல்லுங்க உங்க சங்கத்துல. பழிய எம்மேல போடுங்க. எனக்கு இன்னா கீது? நா மெக்கானிக்கு."

நல்ல யோசனை. அதை நான் அப்போதே உணர்ந்தேன். அப்படிச் சொன்னால் என் சொல்லும் பழுதாகாது, பொருளாளர் வாயும் அடைபடும், அவர்களும் கப்பலேறுவார்கள். யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அன்றிலிருந்து என் பெயர் அந்த மனிதரின் தயவில் நிற்கும். அவர் மகள் என் வீட்டில் வளைய வரும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வரும், அவளுக்கும் வரும். அதைவிட அவள் வீட்டில் இல்லாதிருப்பதே மேல் என்று பட்டது.

"ஆடி ஒண்ணாம் தேதி காலையில வாங்க" என்றேன். "வெறுங்கையோட வரக் கூடாது. பின்பக்கச் சந்து வழியா வேண்டாம், முன்தெரு வழியா வரணும். தட்டுகளைத் துணி போட்டு மூட வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி சார்" என்றார்.

குடும்பத்துக்குள் பெயர் மாற்றக் கோரி நான் எழுதிய மனுவைக் கப்பல் அலுவலகம் ஒரே பார்வையில் ஏற்றது. எழுத்தர், "புதுசாக் கல்யாணம்னு போட்டிருந்ததே சார்" என்றார். "அது முந்தைய மனு" என்றேன்.

சொன்னபடி ஆடி முதல் நாள் வந்தார்கள். மாடம்பாக்கத்திலிருந்து பேருந்தில் தட்டுகளோடு வந்து, முனையில் இறங்கி, வரிசையாக முன்தெரு வழியே நடந்து வந்தார்கள். ஒன்பது தட்டு. தகப்பனார் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். பொருளாளர் தன் வீட்டுக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். நான் வாசலுக்கு வந்து கைகூப்பி வரவேற்றேன். எல்லாம் முறைப்படி நடந்தது. அதில் ஒரு குறை சொல்ல எவராலும் முடியவில்லை.

கிளம்பும்போது அவள் என் மனைவியின் காலில் விழுந்தாள். என் காலிலும் விழுந்தாள். எழுந்து, உள்ளே போய், அந்தப் பனை ஓலைத் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"அங்க வெயில் அடிக்கும் மாமா. நீங்க போட்டுக்குங்க."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டேன். தன் கணவனைப் பார்த்து அவள் சொன்னது இன்னும் சுருக்கம். "அப்பாவைப் பத்திரமாப் பார்த்துக்குங்க." அதில் எந்த அப்பாவைச் சொன்னாள் என்று நான் ஆராயவில்லை.

மறுநாள் துறைமுகத்தில் கப்பலேறினோம். அறையில் சுவரோடு சுவராக இரண்டு படுக்கை, ஒன்றின்மேல் ஒன்று. மேலே வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். ஆடிக் காற்றில் கடல் பொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் மதியத்துக்குள் கப்பலில் பாதிப் பேர் வாந்தியெடுத்தார்கள். என் மகன் மேலே ஏறிச் சுருண்டுகொண்டு, கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி மூன்று நாளும் கிடந்தான். சாப்பிட இறங்கவில்லை. இரண்டாம் நாள் நான் கீழிருந்து, "அப்படி என்னடா தெரியுது?" என்று கேட்டேன்.

"தண்ணி" என்றான்.

போர்ட் பிளேரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தோழர் வெளியூர் போயிருந்தார். ஆனால் விருந்தினர் மாளிகைக் காவலாளிக்கு எல்லாம் சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தார். காவலாளி இராமநாதபுரம் பக்கத்துக்காரர், எங்களை வாசலில் பார்த்ததும் கையில் இரண்டு மாலையோடு ஓடிவந்தார். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வாங்க சார். பொண்ணு எங்க, பின்னாடி வருதா?"

"வரலை. நாங்க ரெண்டு பேர்தான்."

அவர் மாலைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அவற்றைக் குடை மாட்டும் கம்பியில் தொங்கவிட்டு எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அறையில் பெரிய இரட்டைக் கட்டில். வெள்ளை விரிப்பின்மேல் செம்பருத்தி இதழ்களைப் பரப்பி, நடுவில் இரண்டு இளநீரை வைத்திருந்தார். என் தோழரின் ஏற்பாடு. காவலாளி அவசரமாக இதழ்களைக் கையால் வழித்து எடுக்கத் தொடங்கினார். விரிப்பில் சிவப்புக் கறை இழுபட்டது.

"விடுங்கண்ணே" என்றான் என் மகன். "அப்படியே இருக்கட்டும்." பிறகு சுவரோரம் தரையில் ஒரு போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டான். எட்டு நாளும் அங்கேயே படுத்தான். கட்டில் எனக்கு இருந்தது.

திட்டத்தை நான் கைவிடவில்லை. முதல் இரண்டு நாள் சிறைச்சாலை. மழையில் நனைந்த ஒவ்வொரு கொட்டடியாகப் பார்த்தோம். அருங்காட்சியகம் பார்த்தோம். கண்ணாடிப் படகு மழைக்காலத்தில் ஓடாது என்றார்கள்; அந்த வரியை மட்டும் அடித்தேன். நடுவே ஒருநாள் வெயில் அடித்தபோது அவள் கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டேன். நல்ல தொப்பி. மகன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதன்பிறகு என்னைவிட நாலடி முன்னே நடந்தான்.

ஆறாம் நாள் காலையில் மர ஆலைக்குப் புறப்பட்டு நின்றேன். அவன் வரவில்லை. மாளிகைக்குக் கீழே, கடலோரப் பாறையில் உட்கார்ந்திருந்தான்.

"நேரமாகுது. கிளம்பு."

"நான் வரலைப்பா. இன்னைக்குச் சும்மா."

"என்ன சும்மா?"

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினான். அவளுடைய படி. மர ஆலையின்மேல் பென்சில் கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்து.

நான் தனியே போய் மர ஆலையைப் பார்த்தேன். பெரிய ஆலை. மாலையில் திரும்பியபோதும் அவன் அதே பாறையில், தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தான். காவலாளி ஒரு குடையை விரித்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அது காற்றில் கவிழ்ந்து கிடந்தது. நான் கூப்பிடவில்லை.

திரும்பி வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும் அவன், "நீங்க வீட்டுக்குப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தன் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். ஆடி முடியப் பாதி மாதம் இருந்தது. நேரே மாடம்பாக்கம் போனான். ஆவணி முதல் நாள் நாங்கள் விளக்கேற்றி மருமகளுக்காகக் காத்திருந்தோம். அவள் வரவில்லை. அவர்கள் மேடவாக்கத்தில் ஒரு போர்ஷனை வாடகைக்கு எடுத்திருந்தது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. பால் காய்ச்ச என் மனைவியை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் என்னிடம் சொல்லாமல் போய் வந்தாள். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் போனாள். நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

இரண்டாண்டு கழித்து ஒருநாள், ரயிலடிக் காய்கறிக் கடையில் பொருளாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தாத்தா ஆயிட்டீங்களாமே சார். வாழ்த்துகள். பொண்ணு பிறந்திருக்காம்." என் முகத்தைப் பார்த்தார். "ஓ, சொல்லலையா? தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு உங்க சம்பந்திதான் சொன்னார், பஸ்ல பார்த்தப்ப. லட்டு வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன்."

அந்த ஆண்டுச் சங்கத் தேர்தலில் நான் நிற்கவில்லை. தோற்றுப்போனதாகச் சிலர் சொல்வார்கள். நிற்காதவன் தோற்க முடியாது.

தொண்ணூறுகள் முடிவதற்குள் மேடவாக்கத்தைத் தாண்டிப் பெரும்பாக்கம் வரை வயலெல்லாம் மனைகளாயின. அவர்கள் அந்தப் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டார்கள் என்று கேள்வி. சம்பந்தி இறந்தபோது போனேன். மாலை போட்டேன். அவள் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், மாமா என்றாள். முறை தவறவில்லை. என் பேத்தி தூரத்தில் நின்று என்னைப் பார்த்து, "இவர்தான் கப்பல் தாத்தாவா?" என்று தன் அம்மாவைக் கேட்டாள். அவள், "உஸ்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர்கள் இருவரும் அந்தமானுக்கு இன்றுவரை போகவில்லை. விமானத்தில் போய் வருகிற அளவுக்கு வசதி வந்த பிறகும் போகவில்லை. தொப்பி என்னிடம்தான் இருக்கிறது, ரிப்பன் வெளுத்துவிட்டது.

அக்காலனியில் இப்போது எங்களை நேரில் அறிந்தவர்கள் குறைவு. ஆனாலும் கதை மட்டும் தேய்ந்துபோகாமல் இருக்கிறது. மருமகளைச் சீரோடு துரத்திவிட்டு, அவளுடைய படுக்கையில் மாமனார் படுத்துக்கொண்டு தேனிலவுக்குப் போனார் என்று, சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது தவறு. மருமகள் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது மேல்படுக்கை. அதில் படுத்தவன் என் மகன். நான் கீழ்ப்படுக்கையில்தான் போனேன்.